வட்டியை இதுவரை கட்டியது யார்? நகைக்கடனின் புதிய விதிகளும் காரைக்குடிக் கணக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வங்கி வாசல்களில் இரண்டு கேள்விகள் அடிக்கடி காதில் விழுகின்றன. நகைக்கு 85 சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டதாகச் செய்தி வந்ததே, கவுன்டரில் ஏன் அவ்வளவு வருவதில்லை? போன வருடம் வரை கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பி வைத்த நகைக்கு, இப்போது ஏன் வட்டியை ரொக்கமாகக் கொண்டு வரச் சொல்கிறார்கள்?

முதல் கேள்வி கூட்டல் கழித்தல் விவகாரம். இரண்டாவதுதான் வீட்டை ஆட்டக்கூடியது. கடந்த சில ஆண்டுகளாகப் பல குடும்பங்களின் நகைக்கடனுக்கு வட்டி கட்டியது அந்தக் குடும்பம் அல்ல, பவுன் விலை ஏற்றம். அந்த வழியைத்தான் புதிய விதி அடைத்திருக்கிறது. எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

எந்த விதி, யாருக்கு?

ரிசர்வ் வங்கி 2024 செப்டம்பர் இறுதியில், நகைக்கடனில் பல முறைகேடுகள் நடப்பதாகக் கூறி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2025 ஏப்ரலில் வரைவு விதி வந்தது. நகையின் உரிமைக்கு ஆதாரம் வேண்டும், எல்லாருக்கும் 75 சதவீதம்தான் என்ற அம்சங்களால் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். சிறு கடன்தாரர்களை விட்டுவிடுங்கள் என்று நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கிக்குச் சொன்னது. 2025 ஜூன் 6 அன்று இறுதி விதி வெளியானது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாறியாக வேண்டும் என்பது கெடு.

இது கட்டுப்படுத்துவது வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நகைக்கடன் தரும் நிதி நிறுவனங்கள் ஆகியவற்றை. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ரிசர்வ் வங்கியின் நேரடிப் பிடியில் இல்லை. தெருமுனை அடகுக்கடை, 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்கடைக்காரர் சட்டத்தின் கீழ் நடப்பது. கீழே வரும் உரிமைகளை அடகுக்கடையில் போய்க் கேட்டால் பதில் இருக்காது. நகையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுமுன் இதை யோசிக்க வேண்டும்.

விதி மாறுமுன் வாங்கிய கடன் பழைய நிபந்தனையிலேயே தவணை முடியும் வரை ஓடும். திருப்பி வைக்கும் நாளில்தான் புதியது வந்து நிற்கும். அதனால்தான் ஒரே தெருவில் ஒருவருக்கு ஒரு பேச்சும் அடுத்தவருக்கு வேறு பேச்சுமாக இருக்கிறது.

பவுன் விலை எங்கே பிறக்கிறது?

இந்தியாவில் தோண்டி எடுக்கும் தங்கம் மிகக் குறைவு. தேவை அனேகமாக முழுதும் இறக்குமதி. ஆகவே காரைக்குடியின் கல்லுக்கட்டி கடைத்தெருவில் நகைக்கடை பலகையில் எழுதும் விலை மூன்று எண்களின் பெருக்கல்:

1. உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸின் டாலர் விலை. ஒரு அவுன்ஸ் 31.1 கிராம்.
2. டாலருக்கு எத்தனை ரூபாய்.
3. இறக்குமதி வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் இது 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது.

அவுன்ஸ் 4,000 டாலர், டாலர் 90 ரூபாய், வரி 6 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 24 காரட் கிராம் சுமார் 12,270 ரூபாய். 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், ஆகவே கிராம் சுமார் 11,240. பவுனுக்கு எட்டு கிராம், ஏறத்தாழ 89,900. கடையில் வாங்கினால் இதன் மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி.

இதே கணக்கிலிருந்து இன்னும் இரண்டு எண்களை எடுத்து மனதில் வைத்துக்கொள்ளலாம். அவுன்ஸ் 100 டாலர் ஏறினால் பவுன் ஏறத்தாழ 2,250 ரூபாய் ஏறும். உலகில் தங்கம் அசையாமல் இருந்தாலும், டாலர் ஒரு ரூபாய் ஏறினால் பவுன் ஏறத்தாழ 1,000 ரூபாய் ஏறும்.

அவுன்ஸ் ஏன் ஏறியது? உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரியை ஒட்டி, ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் சொத்தை மேற்கு நாடுகள் முடக்கின. இன்னொரு நாட்டின் பத்திரத்தில் போட்ட பணம் ஒரு நாள் கைக்கு வராமல் போகலாம் என்பதை மற்ற நாடுகள் பார்த்துக்கொண்டன. மத்திய வங்கிகள் 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. நம் ரிசர்வ் வங்கியும் வாங்கியது, இங்கிலாந்தில் இருந்த தன் தங்கத்தில் ஒரு பகுதியை நாட்டுக்குள்ளும் கொண்டு வந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2024 செப்டம்பரில் வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. வட்டி தராத பொருள் தங்கம், டாலர் வட்டி இறங்கும்போது அதைப் பிடித்து வைப்பதில் நஷ்டம் குறைவு. 2025 ஏப்ரலில் டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரிகள் மிச்சப் பயத்தையும் கிளப்பின. 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது, அதே மாதம் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைத் தொட்டது.

இதில் சிவகங்கை மாவட்டத்துக் குடும்பம் ஒன்று செய்யக்கூடியது ஏதும் இல்லை. இறங்கும்போதும் இல்லை. 2024 ஜூலையில் வரி குறைந்த அன்று, உலகச் சந்தையில் எதுவும் நடக்காமலேயே பவுன் ஏறத்தாழ 2,000 ரூபாய் இறங்கியது. டெல்லியில் பட்ஜெட் உரையில் ஒரு வாக்கியம், அன்று மாலையே அடகில் இருக்கும் சங்கிலியின் மதிப்பு குறைந்துவிட்டது.

கவுன்டரில் விலை எப்படிச் சுருங்குகிறது?

நகையைக் கொடுத்ததும் மதிப்பீட்டாளர் செய்வது மூன்று வேலைகள். புதிய விதிப்படி அதைக் கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். உள்ளே எடுத்துப் போய்விட்டு ஒரு தொகையோடு வருவது கூடாது.

முதலில் எடை. மொத்த எடையிலிருந்து கல், அரக்கு, நூல், எனாமல் எல்லாம் கழியும். செட்டிநாட்டு நகைக்கு இங்கேதான் பெரிய வெட்டு. ருத்ராட்சம் கோத்த கெளரிசங்கத்தில் ருத்ராட்சத்தின் எடை முழுதும் போகும். வைரத்தோட்டுக்கும் வைர மூக்குத்திக்கும் கல்லின் மதிப்பு பூஜ்யம், சுற்றியுள்ள தங்கத்துக்கு மட்டும்தான் கணக்கு. வீட்டில் விலை உயர்ந்தது என்று பூட்டி வைத்திருக்கும் வைரத்தோடு, நகைக்கடன் கவுன்டரில் மெல்லிய தங்க வளையலுக்குக் கூடச் சமம் ஆகாது. கல் நகையைக் கொண்டுபோய் அவமானப்பட்டுத் திரும்புவதைவிட, சங்கிலி, வளையல் போன்ற வெற்றுத் தங்கத்தை எடுத்துப் போவது நல்லது.

அடுத்தது மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை. உரைகல்லில் நகையை இழுத்து, கோட்டின் மேல் அமிலச் சொட்டு விடுவார்கள். 22 காரட் கோடு அப்படியே நிற்கும், செம்பு மிகுந்த கோடு பச்சையாக நுரைத்து மங்கும். பழைய நகையில் பற்றவைத்த இடத்தில் உரைத்தால் மாற்று குறைவாகத் தெரியும், ஆகவே வேறு இடத்திலும் உரைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஹால்மார்க் கட்டாயமானது 2021 ஜூனில்தான், ஆறு எழுத்து அடையாள எண் 2023 ஏப்ரலில். அதற்கு முந்தைய பாட்டி நகைக்கு முத்திரை இருக்காது. முத்திரை இல்லை என்பதற்காக அடகுக்கு ஆகாது என்று விதி சொல்லவில்லை. பில்லும் தேவையில்லை: உரிமைக்கு உறுதிமொழி போதும் என்றாகிவிட்டது. ஆனால் உரிமையில் சந்தேகம் வந்தால் கடன் தரக்கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

கடைசியில் விலை. கடைப்பலகை விலை இங்கே செல்லாது. அந்த மாற்றுக்கான முந்தைய 30 நாள் சராசரி ஒன்று, முந்தைய நாளின் முடிவு விலை ஒன்று, இரண்டில் எது குறைவோ அது. விலை ஏறும் காலத்தில் சராசரிதான் குறைவாக இருக்கும், இறங்கும் காலத்தில் நேற்றைய விலை குறைவாக இருக்கும். ஒரு மாதத்தில் கிராம் 9,000-லிருந்து 10,000-க்குச் சீராக ஏறியிருந்தால், கடை 10,000 என்னும்போது வங்கி 9,500 என்னும். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஒரு நாள் உச்ச விலையில் கடன் கொடுத்துவிட்டு மறுவாரம் விழி பிதுங்காமல் இருக்கும் ஏற்பாடு.

தங்கக் கட்டி, பிஸ்கட் எடுக்க மாட்டார்கள். நகை ஒருவருக்கு ஒரு கிலோ வரை, நாணயம் 50 கிராம் வரை.

எடை, கழிவு, மாற்று, மதிப்பு, ஏற்கெனவே உள்ள நெளிவு உடைசல், நகையின் படம் எல்லாம் உள்ள சான்றை வங்கி தர வேண்டும். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். திரும்ப வாங்கும்போது வளையல் நெளிந்திருந்தால் பேச உதவுவது இது ஒன்றுதான்.

85 சதவீதம் எங்கே போயிற்று?

நகை மதிப்பில் கடன் எத்தனை பங்கு என்பதை வங்கிக்காரர்கள் எல்டிவி என்பார்கள். வீட்டுச் செலவுக்கான கடனுக்குப் புதிய உச்சவரம்பு:

1. 2,50,000 ரூபாய் வரை: 85 சதவீதம்.
2. அதற்கு மேல் 5,00,000 வரை: 80 சதவீதம்.
3. 5,00,000-க்கு மேல்: 75 சதவீதம்.

இது உச்சவரம்பு. வங்கி குறைத்துத் தந்தால் விதி மீறியதாகாது. அடுத்த விஷயம் ‘புல்லட்’ கடன். வட்டியும் அசலும் சேர்த்து ஆண்டு முடிவில் ஒரே தடவை கட்டுவது. நம் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான். இதற்கு எல்டிவியை அசலில் பார்ப்பதில்லை, தவணை முடிவில் கட்டவேண்டிய மொத்தத் தொகையில் பார்க்கிறார்கள்.

நான்கு பவுன் கல் பதித்த சங்கிலி. மொத்தம் 32 கிராம், கழிவு 4, நிகரம் 28 கிராம். கிராமுக்கு 10,000 என்று வைத்தால் மதிப்பு 2,80,000. அதில் 85 சதவீதம் 2,38,000. இது ஆண்டு முடிவின் அசல், வட்டி இரண்டுக்குமான எல்லை. 10 சதவீத வட்டியில் அசல் சுமார் 2,16,000-க்கு மேல் தர முடியாது. முன்பு நிதி நிறுவனங்கள் 75 சதவீதத்தை அசலாகவே கொடுத்தன, அந்தக் கணக்கில் 2,10,000. ஆக, செய்தியில் பத்து சதவீதமாகத் தெரிந்த சலுகை, கையில் 6,000 ரூபாயாக வந்து நிற்கிறது. மாதாமாதம் வட்டி கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் முழு 2,38,000 வரை இடம் உண்டு.

ஒருவர் பெயரில் அந்த நிறுவனத்தில் உள்ள இப்படிப்பட்ட நகைக்கடன்கள் எல்லாம் கூட்டப்பட்டுத்தான் எந்தப் படி என்று பார்ப்பார்கள். 2,50,000-ஐத் தாண்டினால் திருப்பிக் கட்டும் வசதி உண்டா என்று வருமானத்தையும் விசாரிக்க வேண்டும். அதற்காகப் பாதி நகையை மனைவி பெயரில் வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் நகை அவருடையது என்று அவர்தான் கையெழுத்திட வேண்டும். நோட்டீசும் ஏல மிச்சமும் அவர் பெயருக்கே வரும்.

விவசாய நகைக்கடன் தனி. மேலே சொன்ன 85-80-75 படிகள் வருமானம் ஈட்டும் தொழிலுக்கான கடனைக் கட்டுப்படுத்தாது, அங்கே வங்கி தன் கொள்கைப்படி வருவாயைப் பார்த்துத் தரும். 2025 ஜனவரி முதல் விவசாயத்துக்கு 2,00,000 ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது. விவசாயி தானாகவே நகையை வைத்தால் அது விதிமீறல் இல்லை என்றும் 2025 ஜூலையில் விளக்கம் வந்தது. ‘தானாகவே’ என்பது கவுன்டரில் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கண்மாய்த் தண்ணீரை நம்பி நட்டவர், ஈடில்லாமல் எனக்கு உரிமை உண்டு என்று வாதாடிக்கொண்டு ஐப்பசி மழையைத் தவறவிட மாட்டார்.

திருப்பி வைக்கும் நாள்

இதுதான் மையம். 50 கிராம் நிகர எடையுள்ள நகை. முதலில் வாங்கியது 2,00,000 ரூபாய், வட்டி 10 சதவீதம். ஆண்டு முடிவில் கையில் பணம் இல்லை. பழைய கடனை முடித்து, வட்டியையும் அசலாக்கி, அதே நகை மேல் அன்றே புதுக் கடன். வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகவில்லை. விலைகளை எளிமைக்காக இப்படி வைத்துக்கொள்வோம்:

1. தொடக்கம்: கடன் 2,00,000. கிராம் 5,500, நகை மதிப்பு 2,75,000. விகிதம் 73 சதவீதம்.
2. ஓராண்டு கழித்து: கடன் 2,20,000. கிராம் 6,000, மதிப்பு 3,00,000. விகிதம் 73.
3. இரண்டாம் ஆண்டு: கடன் 2,42,000. கிராம் 7,200, மதிப்பு 3,60,000. விகிதம் 67.
4. மூன்றாம் ஆண்டு: கடன் 2,66,200. கிராம் 11,000, மதிப்பு 5,50,000. விகிதம் 48.

கடன் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிட்டது. வங்கிக் கணினியிலோ இது வருடா வருடம் பத்திரமாகிக்கொண்டு வரும் கடன். மேலாளருக்கும் சந்தோஷம், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். வட்டியே கட்டாத கடன் ஒழுங்கான கடன் என்று பதிவில் நிற்கிறது. ரிசர்வ் வங்கிக்கு உறுத்தியது இதுதான். விலை ஏற்றத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், முதல் ஆண்டு முடிவிலேயே அந்தக் கடன் 80 சதவீதத்துக்குப் போய்த் தடுமாறியிருக்கும்.

முதலில் கிளைகள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து நோயைவிடக் கொடுமை. 2025 தொடக்கத்தில், அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி நகையை மீட்டு, மறுநாள் வந்து வையுங்கள் என்றார்கள். இரண்டு லட்சம் ஒரு நாளைக்கு எங்கே கிடைக்கும்? வட்டிக்கு விடுபவரிடம். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் என்றாலும் ஒரு இரவுக்கு 2,000. வங்கியின் கணக்குப் புத்தகம் சுத்தமாவதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த கூலி அது.

இறுதி விதி அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது:

1. வீட்டுச் செலவுக்கான புல்லட் கடனுக்கு அதிகபட்சம் 12 மாதம்.
2. கடன் வாராக்கடனாகாமல் இருந்து, எல்டிவி எல்லைக்குள்ளும் இருந்தால் புதுப்பிக்கலாம், கூடுதலாகவும் தரலாம்.
3. ஆனால் அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே.
4. கடன் வாங்கியவர் தானே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

முழு அசலையும் கட்டச் சொன்னால், அது அந்த நிறுவனத்தின் சொந்தக் கொள்கையாக இருக்கலாம். ‘ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது’ என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் குரல் மாறுவதும் உண்டு.

மேலே சொன்ன குடும்பம் மூன்றாம் ஆண்டு முடிவில் புதிய விதியில் வந்து நின்றால் என்ன ஆகும்? அசல் 2,42,000. வட்டி 24,200 ரொக்கமாகக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால், ‘சார், உங்க நகைக்கு இன்னும் இடம் இருக்கு’ என்ற குரல் வரும். நகை மதிப்பு 5,50,000, அதில் 80 சதவீதம் 4,40,000, ஆண்டு வட்டி கழித்து அசல் 4,00,000 வரை போகலாம். வருமானம் காட்டினால் கையில் 1,58,000 கிடைக்கும். வாங்கினால் அடுத்த வருடம் இதே நாளில் கட்டவேண்டிய வட்டி 40,000. அதுவும் ரொக்கம். போன முறை போல விலை வந்து கட்டிக்கொண்டு போகாது, விலை ஏறியிருந்தாலும்கூட. கூடுதல் கடன் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது, நகைக்கு இடம் இருக்கிறதா என்பதை அல்ல, அடுத்த வருடம் இந்தத் தேதியில் 40,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்பதைத்தான்.

இந்த வட்டி விதி கடுமையானது. ஆனாலும் சரியானது என்றே சொல்ல வேண்டும். மூன்று வருடம் சத்தமில்லாமல் வளர்ந்து நகையை விழுங்குவதைவிட, வருடத்துக்கு ஒருமுறை வலித்துத் தெரிவது மேல். குறை வேறு இடத்தில் இருக்கிறது. வட்டிக்குக் காசு இல்லாதவர் வங்கியைவிட்டு அடகுக்கடைக்கோ கந்துவட்டிக்கோ போவார், அங்கே இந்த விதி எதுவும் துணைக்கு வராது. மாதம் ஒருமுறை கொஞ்சமாக வட்டி கட்டும் பழக்கத்தைக் கிளைகள் இரண்டு ஆண்டு முன்பே தொடங்கியிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

தள்ளுபடிக் கனவு

கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் 2021-ல் தள்ளுபடி செய்யப்பட்டது. அதிலிருந்து, தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் வட்டி கட்டாமல் காத்திருப்பவர்கள் உண்டு. அன்றும் நிபந்தனைகள் பலரை வடிகட்டின. வணிக வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்தவருக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது, தவறிய கடனைப் புதுப்பிக்கவும் முடியாது.

விலை இறங்கினால்

இறங்காது என்பவர்களுக்குப் பழைய எண்கள் போதும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் தொட்டது, அந்த உயரத்தை மீண்டும் எட்டியது 2008-ல். 2011 செப்டம்பரில் 1,900 டாலர் பக்கம் இருந்தது 2015 டிசம்பரில் 1,050 பக்கம். 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. 2026 ஜனவரியில் 5,000 டாலரைத் தாண்டிய அதே மாத இறுதியிலும் ஒரே நாளில் கடுமையாகச் சரிந்தது. 2011-க்குப் பின் இந்தியாவில் வலி குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம், ரூபாய் விழுந்ததும் இறக்குமதி வரி ஏறியதும்தான். ஒவ்வொரு முறையும் ரூபாய் விழுந்து நம்மைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

4,00,000 வாங்கிய குடும்பத்துக்குத் தவணை முடிவுக் கடன் 4,40,000. விலை 20 சதவீதம் இறங்கினால் நகை மதிப்பும் 4,40,000. ஆனால் அதுவரை காத்திருக்காமல், கடன் 80 சதவீத எல்லையைத் தாண்டியதுமே வங்கி கூடுதல் நகையோ பணமோ கேட்கலாம். எல்டிவி கடன் வாங்கும் நாளில் மட்டும் பார்ப்பது அல்ல, தவணை முழுதும் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது விதி.

ஈடு வைத்த பொருளின் விலை விழுந்தால் என்ன நடக்கும் என்பது செட்டிநாட்டுக்கு மறுபக்கத்திலிருந்து தெரிந்த சங்கதி. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கையில் இருந்த நிலம் 1930-ல் சுமார் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டு முடியுமுன் சுமார் 25 சதவீதம் ஆனது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல அது. உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, ஈடு வந்து சேர்ந்தது. விவசாயிக்கு நிலம் போயிற்று. கொடுத்தவருக்கு வேண்டியது பணம், கிடைத்தது விற்க முடியாத வயல். பின்னால் சுதந்திர பர்மாவின் நிலத் தேசியமயத்தில் அதுவும் போனது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் 1937-ல் ஒரே நேரத்தில் கிளை திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். ஈட்டின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன் கொடுப்பதில் உள்ள ஆபத்தை இந்த ஊரின் பழைய கணக்குப் பேரேடுகள் அறியும்.

ஏலம் வரை போனால்

நோட்டீஸ் கொடுத்து, கட்டுவதற்கு அவகாசம் தந்து, செய்தித்தாள்களில் விளம்பரம் செய்த பிறகே ஏலம். முதல் ஏலம் கிளை உள்ள மாவட்டத்திலேயே நடக்க வேண்டும், சிவகங்கைக் கிளையின் நகையைச் சென்னைக்கு எடுத்துப் போய் விற்கக் கூடாது. ஆரம்ப விலை நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85. கடன் போக மிச்சம் இருந்தால், ஏலப் பணம் முழுதும் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். பலர் ஏலம் என்றதும் நகை போயிற்று என்று அந்தப் பக்கமே போவதில்லை. விலை ஏறிய காலத்தில் மிச்சம் கணிசமாக இருக்கும், போய்க் கணக்குக் கேட்க வேண்டும்.

பணம் திரட்டும் வழி

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீடுகள் இங்கே ஏராளம். கடன் ரூபாயில், வருமானம் சிங்கப்பூர் டாலரிலோ மலேசிய ரிங்கிட்டிலோ. ரூபாய் விழும்போது அனுப்பும் தொகைக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும், கடன் அப்படியேதான் இருக்கும். நகையை மீட்க நல்ல நேரம் அதுதான். அதே நேரத்தில் பவுன் விலையும் ஏறி, இன்னும் கடன் தருகிறேன் என்று வங்கி கூப்பிடும் என்பதுதான் சிக்கல்.

விவசாயக் குடும்பம் புரட்டாசியில் வைக்கும் நகைக்கு, தை மாசி அறுவடைப் பணம் வந்ததும் வட்டியையாவது கட்டிவிட வேண்டும். ஆண்டு முடிவுவரை வைத்திருந்தால் அந்தப் பணம் ஆனியில் பள்ளிக்கூடக் கட்டணமாகப் போய்விடும். புல்லட் கடனானாலும் இடையில் பகுதி கட்ட அனுமதி உண்டா என்று கடன் வாங்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நகையையும் ஒரே கடனில் வைக்காமல், இரண்டு மூன்று ரசீதாகப் பிரித்து வைத்தால், கொஞ்சம் பணம் வந்ததும் ஒன்றையாவது மீட்க முடியும். ஒரே ரசீது என்றால் கடைசி ரூபாய்வரை எதுவும் கைக்கு வராது.

தகராறு வந்தால்

முழுதும் கட்டிய அன்றே நகையைத் தர வேண்டும், அதிகபட்சம் ஏழு வேலை நாட்கள். நிறுவனத்தின் தவறால் அதற்கு மேல் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பெட்டகச் சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்பது அவர்கள் பாடு. கடன் தாள்கள் நமக்குத் தெரிந்த மொழியில் வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வங்கி ஊழியர் அல்லாத சாட்சி முன் விளக்க வேண்டும்.

புகாரை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்கலாம். தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தின் மேல் உள்ள குறை இந்த வழியில் போகாது, அதற்குக் கூட்டுறவுத் துறையின் பதிவாளர் அலுவலகம். எந்தப் புகாரானாலும் மதிப்பீட்டுச் சான்று, கடன் ஒப்பந்தம், வட்டி கட்டிய ரசீதுகள் ஆகியவற்றின் நகல் வேண்டும். ரசீதில் ‘வட்டி’ என்றும் ‘அசல்’ என்றும் பிரித்து எழுதியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.